ஏரி நிரம்பியதற்கு ஒரு நாள் விடுப்பு

1

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே ஓடினால் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? சிரிக்காதீர்கள். நெதர்லாந்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு அரை நாளும் ஒரு பானை சர்க்கரைப் பொங்கலும் தேவைப்பட்டன.

போன கார்த்திகையில் ஒரு காலை. ஆறு மணிக்குக் கண்விழித்தால் கைபேசியில் அக்காவிடமிருந்து பதினெட்டுக் குரல் செய்திகள். பதினெட்டிலும் விஷயம் ஒன்றுதான்.

"டேய் சேகரு, ஓடுதுடா! கலங்கல் ஓடுதுடா! இன்னும் இன்னாடா தூங்கிக்கினு கீற, எய்ந்திரு!"

ஏரிக்கரையின் ஓரத்தில், மிஞ்சிய தண்ணீர் வெளியேறுவதற்காகக் கல்லால் கட்டி வைத்திருக்கும் தாழ்வான இடம்தான் கலங்கல். அதைத் தாண்டித் தண்ணீர் ஓடுகிறது என்றால் ஏரியில் இனி ஒரு சொட்டுக்கு இடமில்லை என்று பொருள். நான் படுக்கையிலேயே எழுந்து நின்று குதித்தேன். கட்டில் இங்கே வாங்கியது, குதிப்பதற்குச் செய்ததில்லை. ஒரு பலகை உடைந்தது. என் மனைவி ரேவதி திரும்பிப் படுத்து, "ஏரியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். இரண்டு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கலங்கல் ஓடத் தொடங்கும் நாளில் அந்த ஏரியின் கீழ் நிலம் வைத்திருக்கும் யாரும் வேலை செய்யக் கூடாது. மண்வெட்டியைத் தொடக் கூடாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் மீறுவதில்லை. நிலத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. இருந்தாலும் அக்காவைக் கூப்பிட்டு, நான் செய்வது கணினி வேலைதானே என்று இழுத்துப் பார்த்தேன்.

"ஒனக்கு அதான்டா மம்ட்டி" என்றாள் அக்கா. "போன தபா ஏரி ரொம்பும்போது நீ ஆபீஸ் போன. மறுநாளே மதகுக் கதவு பிச்சிக்கினு போச்சி. ஊர்ல யார்கிட்டயும் சொல்லல. ஆனா நீதான் காரணம்னு எனக்குத் தெரியும்."

இதற்கு மேல் என்ன வாதாடுவது? அலுவலகத்தின் விடுப்புப் படிவத்தைத் திறந்தேன். காய்கறிகளைக் குளிர்கிடங்கில் வைத்து ஊர் ஊராக அனுப்பும் நிறுவனம் அது. நான் ஒரு நாள் போகாவிட்டால் எந்தத் தக்காளிக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் படிவத்தில் காரணம் கேட்கிறார்கள். திருமணம், பிரசவம், பல் மருத்துவர், வீடு மாற்றம், பேரிடர் என்று பட்டியல் போகிறது. ஏரி நிரம்பியது என்று ஒரு வரி இல்லை. 'மற்றவை'யைத் தேர்ந்தெடுத்து, "எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிகிறது" என்று டச்சு மொழியில் எழுதினேன். என் டச்சைப் பார்த்து எப்போதும் சிரிக்கும் என் பெண் யாழினியே சரிபார்த்துத் தலையாட்டிய வாக்கியம் அது.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. என் விடுப்பைப் 'பேரிடர்' பிரிவுக்கு மாற்றி அனுமதித்துவிட்டார்களாம். என் குடும்பத்தாருக்காகப் பிரார்த்திக்கிறார்களாம்.

2

காஞ்சிபுரத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டு வெளிநாட்டில் வாழ்வது ஒரு தனிக் கஷ்டம். எல்லோரும் பட்டைத்தான் கேட்கிறார்கள். பதினேழு வருடமாக ஊர் போய்த் திரும்பும்போதெல்லாம் என் பெட்டியில் என் துணிக்கு இடம் இருந்ததில்லை. யாருடைய கல்யாணத்துக்கோ யாரோ கேட்ட புடவைதான் அதில் சொகுசாகப் படுத்து வரும். பட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது வழுக்கும் என்பது மட்டும்.

எங்களுடையது விவசாயக் குடும்பம். காஞ்சிபுரத்திலிருந்து போனால் திருமுக்கூடலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஊர். அக்கா கணவர், எங்கள் மாமா, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் விற்பனை பார்க்கிறார். எனவே புடவைச் சமாச்சாரம் எல்லாம் அவர் பொறுப்பு. நிலத்தைப் பார்ப்பது சகுந்தலா அக்கா. ஐம்பத்து நான்கு வயது. டிராக்டர் ஓட்டுவாள், ஓட்டுபவரைத் திட்டவும் செய்வாள்.

இரண்டு ஏக்கர். அதில் ஒரு சின்னச் சிக்கல். மதகிலிருந்து கிளம்பும் வாய்க்கால் எல்லா வயல்களுக்கும் போய்விட்டுக் கடைசியாக வந்து சேரும் வயல் எங்களுடையது. ஏரியில் முக்கால் தண்ணீர் இருந்தால் முக்கால் ஊருக்குப் பாசனம். எங்களுக்கு, தண்ணீர் விட்டார்கள் என்ற செய்தி மட்டும் வந்து சேரும். ஏரி முழுதாக நிரம்பி, ஊர்க்கூட்டம் கூடி, "இந்தப் போகம் கடைசி வயல் வரைக்கும் விடலாம்" என்று முடிவு செய்தால்தான் அக்காவால் நாற்று விட முடியும்.

முன்பெல்லாம் ஐப்பசியும் கார்த்திகையும் நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும். ஏரி அவசரமில்லாமல் ஏறும். இப்போது வானம் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, எதையோ மறந்துவிட்ட பதற்றத்தில் இரண்டு நாளில் மொத்தத்தையும் கொட்டுகிறது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயால் அவ்வளவையும் தாங்க முடியாது. பாதி ரோட்டில் ஓடும், மீதி கடலுக்குப் போகும். ஏரி அரையோடு நின்றுவிடும். பிறகு அறுவடைக்கு முந்தின வாரம் யாரும் கேட்காத மழை ஒன்று வந்து நெல்லைப் படுக்க வைத்துவிட்டுப் போகும். அக்காவுக்கு இரண்டு வருடம் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் வருடம் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் வாங்கிப் பயிர் வைத்தாள். அது கதிரிலேயே முளைத்துப்போனது.

நான் வாழும் ஊரின் கதை நேர்மாறு. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது இது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் எங்கள் சமையலறையை விட உயரம். வாத்து நீந்துவதை நாங்கள் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். தண்ணீரை வெளியே தள்ளுவதே இவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை, அதற்குத் தனி வரி கூட உண்டு. அந்த வரி ரசீது முதலில் வந்தபோது, தண்ணீர் வராமல் இருப்பதற்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டவன் நான். எங்கள் ஊரில் அது இலவசமாக நடக்கிறது என்றும் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் எனக்கு ஒரு விளக்கக் கையேடு கொடுத்து அனுப்பினார்.

3

அங்கே மழை தப்பினால் இங்கே எனக்கு என்ன என்று நினைக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் நம் நாட்டில் மழை தாறுமாறாகி, அரிசி விலை ஏறி, ஏற்றுமதியை நிறுத்தி வைத்தார்கள். இங்கே எங்கள் ஊர் இந்தியக் கடையில் அலமாரி காலி. பிறகு கொஞ்சம் வந்தபோது, "குடும்பத்துக்கு ஒரு மூட்டை" என்று எழுதி ஒட்டினார்கள். நானும் ரேவதியும் யாழினியும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி மூன்று இடத்தில் வரிசையில் நின்றோம். பொது இடத்தில் தமிழ் பேச எப்போதும் கூச்சப்படும் என் மகள், அன்றைக்கென்று பார்த்து, "அப்பா! எனக்கு பாத்ரூம் வருது!" என்று கடையே அதிரக் கத்தினாள். ஒரு மூட்டையோடு வீட்டுக்கு வந்தோம்.

இதை அக்காவிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "நெல்லு வெளயற வூட்டுப் புள்ள அரிசிக்கு வரிசையில நின்னியா!" என்றாள். சிரித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாங்களும் கடையிலதான்டா வாங்கித் துன்றோம் இப்ப." அந்த வருடம் எங்கள் வயலில் புல்தான் விளைந்திருந்தது.

அதனால்தான் போன புரட்டாசியில் அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"சேகரு, இந்த வருசமும் ஏரி ரொம்பலன்னா நான் சவுக்கு போட்டுட்றேன். நர்சரியில சொல்லிட்டேன். அத்த நட்டுட்டா நாலஞ்சு வருசத்துக்குத் தலவலி இல்ல. மழ பேஞ்சா இன்னா, பேயலன்னா இன்னா. வெட்டி லாரியில ஏத்த வேண்டியதுதான்."

"நெல்லு போட்ட நிலம்க்கா."

"நீ வந்து போடு. நான் வாணாம்னா சொல்றேன்?"

சவுக்கை நட்டுவிட்டால் வேர் இறங்கி, மண் இறுகி, அந்த நிலம் மறுபடி நெல்லுக்குத் திரும்புவது சுலபமில்லை. பக்கத்து வயல்கள் ஒவ்வொன்றாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. விறகை யாரும் தின்ன முடியாது என்று சொல்லலாம். அதைப் பதினேழு வருடம் வெளியூரில் இருந்துகொண்டு சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் வானிலைப் படங்களைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாமே. ஐப்பசி முழுக்க வங்கக் கடலை நான் விட்டு நகரவில்லை. அலுவலகக் கூட்டத்தில் ஒரு திரையில் வெள்ளரிக்காய் வரவு, இன்னொரு திரையில் காற்றழுத்தத் தாழ்வு. சுழல் வடக்கே நகர்ந்தால் சோறு இறங்காது. "அப்பாவுக்கு அந்தக் கடல் மேல லவ்" என்று யாழினி அவள் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். கடைசியில் கார்த்திகையில் ஒன்று நேராக வந்தது. மூன்று நாள் விடாத மழை. அந்தப் பதினெட்டுக் குரல் செய்திகள் எனக்கு என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறதா?

4

ஒன்பதரை மணிக்கு வாசல் மணி அடித்தது. முன்கூட்டித் தேதி குறிக்காமல் ஒரு டச்சுக்காரர் இன்னொருவர் வீட்டுக்கு வருவதே ஒரு பேரிடர். கதவைத் திறந்தால் எங்கள் அலுவலகத்தின் பணியாளர் பிரிவு அதிகாரி இங்க்ரிட். ஐம்பது வயதுக்கு மேல், ஆறடி உயரம், இரண்டு தெரு தள்ளி வீடு. மழையில் சைக்கிளில் வந்திருக்கிறார். கையில் ஒரு பாத்திரம் நிறைய பட்டாணி சூப். கண் கலங்கியிருந்தது.

நான் வேட்டி கட்டியிருந்தேன். கையில் கரண்டி. அடுப்பில் சர்க்கரைப் பொங்கல். உள்ளே தொலைக்காட்சியில், அக்கா அனுப்பிய காணொளியில் பறையும் பம்பையும் பொளந்துகொண்டிருந்தன. ஊரே கலங்கல் தண்ணீரில் முழங்கால் நனைய ஆடிக்கொண்டிருந்தது. நானும் ஆடிக்கொண்டிருந்த வேகத்தில்தான் கதவைத் திறந்தேன்.

"சேகர், அதிர்ச்சியில் மனிதர்கள் இப்படியும் நடந்துகொள்வார்கள்" என்றார் இங்க்ரிட் மிக மென்மையாக. "உட்காருங்கள்."

உண்மையைச் சொன்னேன். ஏரி நிரம்பியது சோகம் இல்லை, திருவிழா என்றேன். என் டச்சு பாதி வழியில் திணறியது. அன்று யாழினிக்கு முதல் இரண்டு வகுப்புகள் இல்லை, வீட்டில் இருந்தாள். அவள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அவங்க ஊர்ல தண்ணி வந்தா பார்ட்டி" என்று டச்சில் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இங்க்ரிட் சூப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தார். அவருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர், பேரிடர் விடுப்பைத் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்ட அதிகாரி. அவர் கோபமாக இருந்தார். இன்னொருவர், ஆறு பெருகும் குளிர்காலங்களில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கரை கரையாக நடந்து காவல் பார்க்கும் தொண்டர். இந்த ஊரில் அப்படி ஒரு படையே உண்டு. அந்த இரண்டாமவர்தான் கேட்டார்.

"இவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறதே, உங்கள் கரையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அக்காவைக் காணொளியில் கூப்பிட்டேன். அங்கே பிற்பகல் இரண்டு மணி. மழை விட்டிருந்தது. அக்கா மஞ்சள் பூசிய முகத்தோடு கரைமேல் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"யாருடா அது, ஒசரமா?"

"எங்க ஆபீஸ் அம்மாக்கா. கரைய யார் பாத்துக்கறாங்கன்னு கேக்கறாங்க."

அக்கா கைபேசியைத் திருப்பினாள். கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து, தரையில் ஒரு சின்னக் குட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் முருகேசன் அண்ணன்.

இங்க்ரிட் "ஆ!" என்று ஒரு சத்தம் போட்டார். சொந்தக்காரரை ரயில் நிலையத்தில் பார்த்த சத்தம். "அவர் ஊற்றைக் காவல் காக்கிறார்! யாழினி, கேள், தெளிவாக வருகிறதா?"

5

யாழினி கைபேசியைக் கீழே வைத்தாள். அவள் அத்தையிடம் பொதுவாக மூன்று வாக்கியம்தான் பேசுவாள். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், அப்பாகிட்ட குடுக்கறேன். இப்போது நாலாவது வாக்கியம் வந்தது.

"அத்தை, அந்த ஓட்டைத் தண்ணி கிளீனா வருதா, டர்ட்டியா வருதா?"

"தெளிவாதான் வருது கண்ணு. நாப்பது வருசமா ஏரி ரொம்புனா அந்த எடத்துல ஊத்து வரும். தெளிவா வந்தா வந்துக்கினு போவட்டும்னு வுட்ருவோம். மண்ணு கலந்து வந்தாதான் பேஜாரு. உள்ள இருந்து கரைய அரிக்குதுன்னு அர்த்தம். காலையில இருந்து முருகேசன் அத்தயேதான் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு கீறான்."

யாழினி மொழிபெயர்த்தாள். இங்க்ரிட் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். இங்கேயும் இதே சட்டம்தானாம். தெளிந்த நீருக்குப் பயப்படாதே, கலங்கிய நீருக்கு ஓடு. இரண்டு பெண்களும் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்று ஒரு குட்டையைப் பற்றி உற்சாகமாகப் பேசத் தொடங்கினார்கள். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் பொங்கலைக் கிளறப் போனேன். முந்திரி பொன்னிறமாகிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் முருகேசன் அண்ணனின் குரல் கேட்டது.

"யக்கா! செவப்பா வருது! மண்ணு வருது!"

ஓடிவந்தேன். திரையில் அக்காவின் கால்கள், புல், வானம், மறுபடி கால்கள். அவள் கரையிலிருந்து இறங்கி ஓடினாள். பறை நின்றது. எல்லோரும் ஓடிவந்தார்கள். குட்டையின் நடுவே செம்மண் நிறத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

கலங்கலைப் பார்வையிட வந்திருந்த பொதுப்பணித் துறை அதிகாரியும் வந்தார். பார்த்தார். நியாயமானவர்தான், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கரைக்குக் கீழ காலனியில வீடுங்க இருக்குதும்மா. அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஊத்து தெளியலன்னா கலங்கல ஒரு பக்கம் இடிச்சித் தண்ணிய எறக்கிடுவேன். எனக்கு வேற வழியில்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கலங்கலை இடித்தால் ஏரி பாதிக்கு இறங்கிவிடும். பாதி ஏரி என்றால் பாதி ஊர். கடைசி வயலுக்குத் தண்ணீர் கிடையாது. அக்கா குனிந்து அந்தச் சிவப்புத் தண்ணீரை ஒரு கை அள்ளிப் பார்த்தாள். மூன்று மணி நேரம் இருந்தது.

6

ஊர்க்காரர்கள் மண் மூட்டைகளைக் கொண்டுவந்து ஊற்றின் வாயில் திணிக்க ஆரம்பித்தார்கள். இங்க்ரிட் எங்கள் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, "நேய்! நேய்!" என்று அலறினார். வேண்டாம் என்பதற்கு டச்சு அது. மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் அங்கே நாலு பேர் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வாயை அடைத்தால் பக்கத்தில் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்" என்றார். "அடைக்கக் கூடாது. அதைச் சுற்றி வட்டமாகச் சுவர் எழுப்புங்கள். உள்ளே தண்ணீர் ஏறட்டும். ஏறின தண்ணீரே மேலிருந்து அழுத்தும். வேகம் குறையும், மண் வருவது நிற்கும். ஆனால் தண்ணீர் போகட்டும்!"

யாழினிக்கு வார்த்தைகள் போதவில்லை. "அத்தை, மூடாதீங்க! அதுக்கு ஒரு, ஒரு, பக்கெட் போடுங்க! கீழ ஓப்பன், மேல ஓப்பன்! பெரிய பக்கெட்!"

அக்கா திரையைப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். நான் அவள் முகத்தில் அந்த வெளிச்சம் வருவதைப் பார்த்தேன்.

"மூட்டைய வட்டமா அடுக்கனா தண்ணி சந்துல வந்துடும்" என்றாள். பிறகு, "கீழயும் தொறந்து மேலயும் தொறந்து... டேய்! நம்ம கக்கூஸ் உறடா!"

வீட்டுக்குப் பின்னால் கழிவுத்தொட்டி கட்டுவதற்காக அவள் சிமென்ட் உறைகள் வாங்கிப் போட்டிருந்தாள். கிணற்றுக்கு இறக்குவார்களே, அதே வட்ட உறை. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கைவிரித்த அகலம். அவற்றுக்குள்தான் பக்கத்து வீட்டு ஆடுகள் படுத்துக் கிடக்கும். ஆடுகளை விரட்டிவிட்டு, தெரு முழுக்க உறைகளை உருட்டிக்கொண்டு ஒரு கூட்டம் ஓடிவந்தது. எனக்குச் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்து வந்தன. இங்க்ரிட் அவை என்ன என்று கேட்டார். யாழினி விளக்கினாள். இங்க்ரிட் திரைக்கு அருகே குனிந்து பார்த்துவிட்டு, "மிகச் சரியான அளவு" என்றார்.

முதல் உறையை ஊற்றைச் சுற்றி வைத்து, வெளிப்பக்கம் களிமண் மிதித்து மூட்டை அண்டக் கொடுத்தார்கள். உள்ளே சிவப்புத் தண்ணீர் விறுவிறுவென்று ஏறி வழிந்தது. இன்னும் சிவப்புதான். அதன்மேல் இரண்டாவது உறை. சந்தில் களிமண். மறுபடி ஏறியது. கொப்பளிப்பு கொஞ்சம் சோம்பலானது. மூன்றாவதை ஏற்றும்போது முருகேசன் அண்ணன் கால் வழுக்கி உட்கார்ந்தார். எழுந்திருக்காமல் அங்கிருந்தே கத்தினார்.

"யாராச்சும் அந்த வெள்ளக்கார அம்மாகிட்ட கேளுங்கபா, இன்னும் எத்தினி?"

"மூன்று போதும். அவரை நாற்காலி போட்டுப் பழையபடி உட்காரச் சொல்லுங்கள்" என்றார் இங்க்ரிட். "இனிமேல் பொறுமைதான் வேலை."

அதுதான் எங்களால் முடியாதது. நான் கூடத்தில் நடந்தேன். விஷயம் தெரிந்து ரேவதி மருத்துவமனை வேலையிலிருந்து இரண்டு முறை அழைத்து, "தெளிஞ்சிச்சா?" என்று கேட்டாள். யாழினி பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இங்க்ரிட் நின்றபடியே சர்க்கரைப் பொங்கலை இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சாதத்தில் வெல்லமா என்று முதல் வாய்க்குத் திகைத்தவர், மூன்றாவது வாய்க்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. பட்டாணி சூப்பில் என்ன மாமிசம் என்று நானும் கேட்கவில்லை.

எங்கள் கடிகாரத்தில் பன்னிரண்டரை. அங்கே ஐந்து மணி. அதிகாரி வந்தார். எட்டிப் பார்த்தார். யாரிடமோ ஒரு எவர்சில்வர் சொம்பு வாங்கி, உறையின் விளிம்பிலிருந்து வழிந்த தண்ணீரை மொண்டார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அக்கா கைபேசியைச் சொம்புக்கு மேலே பிடித்தாள். சொம்பின் அடியில் கடைக்காரர் வெட்டிய பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"தெளிஞ்சிருச்சிம்மா" என்றார் அவர். "விடிய விடிய ஆள் போட்டுப் பாத்துக்கோங்க. கலங்கல் இருக்கட்டும்."

பறை மறுபடி ஆரம்பித்தது. இங்கே ஆறடி இங்க்ரிட் என் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார். கூடத்துத் தரை என் கட்டிலை விடப் பரவாயில்லை, தாங்கியது. நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் இரண்டையும் சத்தமாகவே செய்தேன்.

போகும்போது இங்க்ரிட் வாசலில் நின்று சொன்னார். "விடுப்பை மாற்றப் போவதில்லை. பேரிடர் வந்தது, நீங்கள் கவனித்தீர்கள், போய்விட்டது. படிவத்துக்கு அது போதும்."

கலங்கல் நாளில் ஊரே மண் மிதித்து உறை தூக்கியதே, வழக்கத்தை மீறியதாகாதா என்று அக்காவிடம் கேட்டேன். "கரையைக் காப்பாத்தறது வேலயாடா? போடா" என்றாள்.

7

மறுநாள் எல்லாம் இயல்புக்கு வந்துவிட்டது. யாழினி மறுபடி அத்தைக்கு மூன்று வாக்கிய மருமகளானாள். அவளிடம் அன்றைய நாளைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஆமா, ஜாலியா இருந்துச்சு" என்பாள், அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று என்னையே அதட்டிக்கொண்டேன். இங்க்ரிட் மட்டும் காப்பி இடைவேளையில் முருகேசன் நலமா என்று கேட்பார்.

ஒரு வாரத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் விடலாம் என்று முடிவானது. அக்கா நாற்று விட்டாள். தை பிறந்து சில நாளில் ஒரு காலை அழைப்பு வந்தது. திரையில் எங்கள் வயல். நாலு வருடத்துக்குப் பிறகு ஏரித் தண்ணீரில் சேறு கலக்கி, பரம்படித்துச் சமன் செய்திருந்தார்கள். வானம் முழுக்க அதில் தெரிந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ கேலி சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். வாய்க்காலிலிருந்து தண்ணீர் மடை வழியே உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது. நான் "அக்கா, அக்கா" என்று என்ன சொல்கிறேன் என்றே தெரியாமல் கத்தினேன். எங்களுக்கே எங்களுக்கு என்று நெல் வரப்போகிறது. கடை அலமாரி காலியானால் என்ன, நிரம்பினால் என்ன?

"அந்தப் பக்கமும் காட்டுக்கா. கீழ ஏக்கர காட்டு."

அக்கா கைபேசியைத் திருப்பத் தயங்கினாள். பிறகு திருப்பினாள். வரப்புக்கு அந்தப் பக்கம் சேறு இல்லை. காய்ந்த மண்ணில் கோடு போட்டாற்போலச் சவுக்குக் கன்றுகள், முழங்கால் உயரம் கூட இல்லாமல், ஏக்கர் முழுக்க நின்றன.

ஏரி நிரம்பிவிட்டதே, தண்ணீர்தான் வந்துவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மூஞ்ச தொங்கப் போட்டுக்காதடா" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. "இந்த வருசம் ரொம்பிச்சி. அடுத்த வருசம் ரொம்பும்னு உன் கம்ப்யூட்டர் எயுதித் தருமா? அறுக்கும்போது மழ வராதுன்னு அந்த ஒசர அம்மா சொல்லுவாளா? அதான் மழய நம்பி ஒரு ஏக்கரு, நம்பாம ஒரு ஏக்கரு."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைபேசியை வரப்பில் யாரிடமோ கொடுத்துவிட்டு, நம்பிய ஏக்கருக்குள் இறங்கினாள்.